கோடு லிஸ்ட்ல இருக்கு, ஆளு லிஸ்ட்ல இல்ல: மெடிகேர் வீடியோ தெரபி, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. காலையில எங்க கிளினிக் ஷெட்யூல்ல 11 வீடியோ அப்பாயின்ட்மென்ட் இருந்துச்சு. நான் தெரபிஸ்ட் இல்ல, அமெரிக்காவுல ஒரு சின்ன ரீஹேப் கிளினிக்ல பில்லிங் பாக்குற ஆளு. முதல் அப்பாயின்ட்மென்ட் 78 வயசு அம்மா ஒருத்தங்க, முட்டி மாத்தி 3 வாரம் ஆகுது, தனியா இருக்காங்க, கார் ஓட்டக்கூடாதுன்னு சர்ஜன் சொல்லியிருக்கார். முந்தின நாள் வரைக்கும் அவங்க வீட்டு ஹால்ல உக்காந்துட்டே பிசியோ எடுத்துக்கலாம், மெடிகேர் பணம் குடுக்கும். நடுராத்திரி 12 மணிக்கு அந்த அனுமதி காலாவதி ஆயிடுச்சு. அம்மாவோட முட்டியும் மாறல, தெரபிஸ்ட்டும் மாறல, லேப்டாப் கூட அதே லேப்டாப்தான், சட்டத்துல ஒரு தேதி மட்டும் தாண்டிப் போச்சு.

இது எப்படி ஆச்சுன்னு சொல்லணும்னா 25 வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுல வில்லன்னு யாரும் கிடையாது, அதான் இன்னும் கடுப்பு.

லிஸ்ட்ல இல்லாத பேரு

மெடிகேர்ங்கிறது 65 வயசு தாண்டினவங்களுக்கும் சில வகை உடல் குறைபாடு உள்ளவங்களுக்கும் அமெரிக்க அரசு குடுக்குற இன்சூரன்ஸ். அதுல டெலிஹெல்த்துக்கு, அதாவது வீடியோ மாதிரி வழியில தூரத்துல இருந்து பாக்குற வைத்தியத்துக்கு, யாருக்கு பணம் குடுக்கலாம், நோயாளி எங்க உக்காந்திருக்கணும்னு சொல்றது சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தோட 1834(எம்) பிரிவு. 2000ல போட்ட சட்டம், 2001 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்துச்சு. அப்போ டெலிஹெல்த்னா அவங்க மனசுல இருந்த படமே வேற: கிராமத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அங்க ஒரு டிவி பெட்டி, அந்தப் பக்கம் நகரத்து ஸ்பெஷலிஸ்ட். அதனால நோயாளி கிராமப்புறத்துல இருக்கணும், அதுவும் வீட்டுல இல்ல, ஒரு மருத்துவ இடத்துல போய் உக்காரணும். யார் பாக்கலாம்னு ஒரு லிஸ்ட்: டாக்டர், நர்ஸ் ப்ராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டென்ட், மனநல பக்கம் சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், டயட்டீஷியன் கூட உண்டு. பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், இந்த மூணு பேரும் இல்ல.

இந்த லிஸ்ட்டு சட்டத்துக்குள்ளயே எழுதியிருக்குங்கிறதுதான் மொத்த கதையோட முடிச்சு. மெடிகேரை நடத்துற சிஎம்எஸ் நெனச்சா எந்த சேவையை டெலிஹெல்த்தா பண்ணலாம்னு கோடு, அதாவது ஒவ்வொரு சேவைக்கும் பில்லுல போடுற நம்பர், சேக்கலாம், எடுக்கலாம். ஆனா யார் பண்ணலாம்ங்கிற லிஸ்ட்டை அவங்க தொட முடியாது, அதுக்கு காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போடணும். நம்ம ஊர் பழமொழில சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான், இங்க தலைகீழ், பூசாரி தாராளமா குடுக்குறாரு, சாமிதான் கண்ண தொறக்கல.

2020 மார்ச்ல இது அப்பட்டமா தெரிஞ்சுச்சு. கோவிட் வந்து எல்லாரும் வீட்டுல, மார்ச் கடைசியில சிஎம்எஸ் அவசர விதி போட்டு தெரபி கோடுகளை டெலிஹெல்த் லிஸ்ட்ல சேத்தாங்க, 97110 அதாவது எக்சர்சைஸ் தெரபி, நடை பயிற்சிக்கான 97116 இதெல்லாம் உள்ள வந்துச்சு. எங்க கிளினிக்ல கைதட்டாத குறை. ரெண்டு நாள் கழிச்சு விதியை நிதானமா படிச்சா, கோடு இருக்கு, ஆனா அந்தக் கோடை வாழ்க்கை பூரா போட்டுட்டு இருக்குற பிசியோவுக்கு டெலிஹெல்த் பில் பண்ண அனுமதி இல்ல! டாக்டர் வீடியோவுல எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தா பணம், பிசியோ சொல்லிக் குடுத்தா கிடையாது. பிசியோவுக்கு இ-விசிட்னு ஒண்ணு இருந்துச்சு, போர்ட்டல்ல மெசேஜ் அனுப்பி பதில் சொல்றது, அதை வெச்சு யாருக்கு நடக்கச் சொல்லிக் குடுக்குறது? நல்லவேளை மார்ச் 27ல வந்த கேர்ஸ் சட்டம் 1834(எம்) நிபந்தனைகளை கோவிட் எமர்ஜென்சி முடியுற வரைக்கும் தள்ளி வைக்கிற அதிகாரத்தை அரசுக்கு குடுத்திருந்துச்சு. அமெரிக்கன் பிசிகல் தெரபி அசோசியேஷன், ஆக்குபேஷனல் தெரபி சங்கம், ஸ்பீச் தெரபி சங்கம் எல்லாம் சேந்து நெருக்கினாங்க, ஏப்ரல் 30ல சிஎம்எஸ் விதிவிலக்கு குடுத்துச்சு, மார்ச் 1ல இருந்தே செல்லும்னு. அந்த ஒரு நாள்தான் இந்த விஷயத்துல முழு வெற்றின்னு சொல்லலாம். ஆனா அது விதிவிலக்கு, உரிமை இல்ல.

வீடியோவுல என்னதான் பண்ண முடியும்

இதை கேக்காத ஆளே கிடையாது. பிசியோனா கையால தொட்டு பண்றது, ஸ்க்ரீன்ல எப்படின்னு. நியாயமான கேள்விதான். எனக்கும் முதல்ல அதே சந்தேகம், அதனால ஒரு தடவை அந்த அம்மா மாதிரி இன்னொருத்தர் செஷன்ல அவர்கிட்ட கேட்டுட்டு ஓரமா உக்காந்து பாத்தேன். தெரபிஸ்ட் முதல்ல எக்சர்சைஸே சொல்லல. லேப்டாப்பை திருப்புங்க, நீங்க தினமும் உக்கார்ற சேரை காட்டுங்கன்னாங்க. பாத்தா பழைய சோபா, உக்காந்தா உள்ள அமுங்குது, முட்டி இடுப்பை விட மேல போகுது. கிளினிக்ல இருக்கிற சேர் விறைப்பா உயரமா இருக்கும், அதுல எழுந்திரிச்சு காட்டுனா சூப்பர்னு மார்க் போட்டு அனுப்பிடுவோம். இவர் வீட்டுல அந்த சோபாவுல இருந்து எழும்ப டீப்பாயை பிடிச்சுட்டு எழும்பறாரு, டீப்பாய்க்கு அடியில மடிஞ்சு கெடக்குற கார்ப்பெட். அடுத்து பாத்ரூம், டப் விளிம்பு எவ்ளோ உயரம்னு டேப் வெச்சு அளக்க சொன்னாங்க. 40 நிமிஷத்துல கார்ப்பெட் சுருட்டி ஓரமா போச்சு, சோபா மேல கெட்டி குஷன் ரெண்டு ஏறுச்சு, அதுக்கப்புறம்தான் எழுந்து உக்கார்ற பயிற்சியே ஆரம்பிச்சுது. இந்த கார்ப்பெட்டை எந்த கிளினிக்ல பாத்திருப்பாங்க?

அதே சமயம் இதையும் சொல்லணும். முட்டி இறுகிப் போய் கடைசி கொஞ்ச டிகிரிக்கு கையால தள்ளி மடக்க வேண்டிய ஆளுக்கு ஸ்க்ரீன் பத்தாது. நின்னா தள்ளாடுறவரு, பக்கத்துல பிடிக்க ஆள் இல்லாதவரு, சொன்னதை நினைவு வெச்சுக்க முடியாதவரு, இவங்களை வீடியோவுல வெச்சு பேலன்ஸ் பயிற்சி குடுக்குறது ஆபத்து. எங்க தெரபிஸ்டுங்களே அப்படிப்பட்டவங்களை நேர்ல வாங்கன்னுதான் சொல்றாங்க. யாருக்கு எது சரின்னு முடிவு பண்ற ஆளு தெரபிஸ்டா, தேதியா, இதான் கேள்வி.

ஆராய்ச்சி இல்லைனு யாராவது சொன்னா நம்பாதீங்க. கனடாவோட கியூபெக்ல முட்டி மாத்துன 205 பேரை வெச்சு பண்ண ஆய்வு 2015ல வந்துச்சு, வீட்டுல இருந்தே வீடியோ வழியா தெரபி எடுத்தவங்களும் நேர்ல பாத்தவங்களும் ஒரே அளவுக்குத்தான் தேறினாங்க. ஸ்ட்ரோக்ல கை விழுந்தவங்க 124 பேர், அமெரிக்காவுல 11 இடத்துல, ஒவ்வொருத்தருக்கும் 70 நிமிஷம் வீதம் 36 செஷன், 2019ல முடிவு வந்துச்சு, வீட்டுல பண்ணது கிளினிக்ல பண்ணதை விட மோசம் இல்ல. 2024ல லான்செட்ல ஆஸ்திரேலியாவுல இருந்து 394 பேர், நாள்பட்ட முட்டி வலிக்கு, மறுபடி அதே முடிவு. இந்த ஆய்வுல சேத்துக்கிட்டவங்க எல்லாம் வீடியோவுக்கு தோதான ஆளுங்கங்கிறது உண்மைதான், அதுக்காக முடிவை ஒதுக்க முடியாது. ஆதாரம் போதாம இந்த சட்டம் நிக்கல, அதை மட்டும் அடிச்சு சொல்வேன்.

வாய்தா மேல வாய்தா

2020க்கு அப்புறம் நடந்தது கோர்ட்ல வாய்தா வாங்குற மாதிரி. எமர்ஜென்சி முடிஞ்சதும் எல்லாம் போயிடும்னு இருந்துச்சு, 2022 மார்ச்ல ஒரு பட்ஜெட் சட்டத்துல எமர்ஜென்சி முடிஞ்சும் 151 நாள் ஓடட்டும்னாங்க, 2022 டிசம்பர் 29ல வந்த அடுத்த பட்ஜெட் சட்டம் அதை 2024 டிசம்பர் 31க்கு தள்ளுச்சு, 2023 மே 11ல எமர்ஜென்சி முடிஞ்சுது, 2024 டிசம்பர் கடைசியில பதறி அடிச்சு 2025 மார்ச் 31, அப்புறம் மார்ச்ல இன்னொரு சட்டம் வந்து செப்டம்பர் 30. எல்லாமே ஏதோ ஒரு பெரிய பட்ஜெட் மூட்டையோட வால்ல கட்டி விட்ட தகர டப்பா. மூட்டை நின்னா டப்பாவும் நிக்கும்.

நடுவுல 2023ல ஒரு கூத்து. எமர்ஜென்சி முடியுற நேரத்துல சிஎம்எஸ் ஒரு விளக்கம் குடுத்துச்சு, தனி கிளினிக் தெரபிஸ்ட் பில் பண்ணலாம், ஆனா ஆஸ்பத்திரி அவுட்பேஷன்ட் தெரபி பண்ண முடியாதுன்னு. ஒரே படிப்பு, ஒரே லைசென்ஸ், ஒரே செஷன், சம்பளம் வாங்குற கட்டடம் வேற. சங்கங்கள் கத்தினதுல அதை மாத்திக்கிட்டாங்க, முதல்ல அந்த வருஷக் கடைசி வரை, அப்புறம் இன்னொரு வருஷம்.

ஆனா எனக்கு உறுத்துறது அந்த 2022 டிசம்பர் சட்டம். அதே சட்டத்துல மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபிஸ்ட், மெண்டல் ஹெல்த் கவுன்சிலர், இந்த ரெண்டு தொழிலையும் 2024 ஜனவரி 1ல இருந்து மெடிகேர்ல நிரந்தரமா சேத்தாங்க, டெலிஹெல்த்துக்கும் சேத்துதான். மனநல சேவையை வீட்டுல இருந்தே எடுக்கலாம்ங்கிறதை அதுக்கு முன்னாடி 2020 டிசம்பர்லயே நிரந்தரம் ஆக்கிட்டாங்க. அதாவது லிஸ்ட்ல பேர் சேக்குறது முடியாத காரியம் இல்ல, அதே பேப்பர்ல பக்கத்து பக்கத்துல பண்ணியிருக்காங்க. எங்க ஆளுங்களுக்கு மட்டும் ரெண்டு வருஷ வாய்தா.

ஏன்? என் கணிப்பை சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. மனநல ஆளுங்க கேட்டது ஒரே ஒரு தெளிவான விஷயம், எங்க பேரை போடு. தெரபி சங்கங்களும் கேட்டாங்கதான், எக்ஸ்பாண்டட் டெலிஹெல்த் ஆக்சஸ் ஆக்ட்னு தனி மசோதாவே 2020ல வந்துச்சு, 2021ல மறுபடி, 2023ல மறுபடி, கடைசியா சொன்னதுல நியூ ஜெர்சி டெமாக்ரட் மிக்கி ஷெரில், டென்னசி ரிபப்ளிகன் டயானா ஹார்ஷ்பார்கர்னு ரெண்டு கட்சி ஆளும் கை போட்டாங்க. சட்டம் ஆகல. ஆனா ஒவ்வொரு டெட்லைன் நெருங்கும்போதும் சங்கத்து மெயில்ல முக்கால்வாசி என்ன இருக்கும்னா, எல்லாருக்குமான டெலிஹெல்த் சலுகையை நீட்டுங்கன்னு உங்க எம்பிக்கு எழுதுங்க. டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள், டெலிஹெல்த் கம்பெனிகள் எல்லாரோடயும் ஒரே வண்டியில ஏறிட்டோம். வண்டி ஓடுச்சு, இல்லைனு சொல்லல, தனியா நடந்திருந்தா 2023லயே அனுமதி போயிருக்கலாம். ஆனா அந்த வண்டியில எங்க சீட்டு தனியா யார் கண்ணுக்கும் தெரியல. சலுகை நிரந்தரமானா டாக்டருக்கு வேண்டியது கிராமம், வீடுங்கிற நிபந்தனை போகணும், அவ்ளோதான். அது மட்டும் போனா எங்களுக்கு பிரயோஜனம் இல்ல, பேரு லிஸ்ட்ல வந்தாகணும். இந்த வித்தியாசத்தை ஒரு எம்பி ஆபீஸ்ல 2 நிமிஷத்துல சொல்ற மாதிரி ஒரு பேப்பர் நான் பாத்ததே இல்ல.

இதுக்கு முன்னாடியும் இதே தொழிலுக்கு இதே மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. 1997ல தெரபிக்கு வருஷத்துக்கு 1,500 டாலர்னு உச்சவரம்பு போட்டாங்க. அதை ஒத்திப்போட்டு, விதிவிலக்கு குடுத்து, மறுபடி ஒத்திப்போட்டு, 2018 பிப்ரவரில தான் ஒழிச்சாங்க. 20 வருஷத்துக்கு மேல! அந்த அனுபவம் இருக்குறதால சங்கத்து பெரியவங்க சிலருக்கு வாய்தா பழகிப் போச்சோன்னு தோணும்.

செலவு ஏறிடும்ங்கிறது எதிர்ப்பக்கத்து வாதம். வீட்டுல இருந்தே கிடைக்கும்னா தேவையில்லாதவனும் எடுப்பான்னு. இதுக்கு பதில் அந்த பழைய உச்சவரம்பு விட்டுட்டுப் போன எச்சத்துலயே இருக்கு. இன்னைக்கும் ஒரு அளவு தாண்டினா, 2025க்கு பிசியோவும் ஸ்பீச்சும் சேத்து 2,410 டாலர், ஆக்குபேஷனல் தெரபிக்கு தனியா அதே தொகை, க்ளெய்ம்ல கேஎக்ஸ்னு ஒரு குறி போட்டு இது மருத்துவ ரீதியா தேவைதான்னு உறுதி குடுக்கணும், 3,000 தாண்டினா ஃபைலை எடுத்து ஆராயலாம். நேர்ல பாத்தாலும் வீடியோவுல பாத்தாலும் ஒரே மீட்டர்தான் ஓடுது. டாக்டர் விசிட்டுக்கு இப்படி ஒரு மீட்டர் கிடையாது. அப்போ டெலிஹெல்த்ல செலவு கட்டுக்கடங்காம போகாதுன்னு சொல்ல யாருக்காவது தகுதி இருக்குன்னா அது இவங்களுக்குத்தான், ஆனா இந்த வாதத்தை முன்னால வெக்காம கிராமம், தூரம், பனின்னே பேசிட்டு இருக்கோம். கிராமம் உண்மைதான். எங்க 11 பேர்ல 9 பேர் நகரத்துல இருக்குறவங்க, கார் ஓட்ட முடியாதவங்க.

இன்னொரு பக்கம் பாருங்க, முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ ஆஸ்பத்திரிகள்ல 2018லயே எங்கிருந்தும் எங்கேயும்னு விதி வந்துருச்சு, விஏ தெரபிஸ்ட் ஒரு மாநிலத்துல இருந்துட்டு இன்னொரு மாநிலத்துல வீட்டுல இருக்குறவரை பாக்கலாம். அதே மத்திய அரசு. மெடிகேர்ல பணம் கிடைச்சாலும் மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வேணும், அதுக்கு பிடி காம்பாக்ட்னு ஒரு மாநில ஒப்பந்தம், 2017ல 10 மாநிலம் சேந்ததும் உயிர் வந்துச்சு, அது தனி வேகத்துல பரவாயில்லாம போகுது. வீடியோவுக்கு இன்டர்நெட்டும் வேணுமே, அந்தக் கதை சோகம், ஏழை வீடுகளுக்கு மாசம் 30 டாலர் வரை குடுத்துட்டு இருந்த திட்டம் காசு இல்லைனு 2024 ஜூன்ல நின்னு போச்சு, 2 கோடியே 30 லட்சம் வீடு அதை நம்பி இருந்துச்சு.

43 நாள்

மறுபடி அக்டோபர் 1க்கு வர்றேன். அரசாங்கமே பட்ஜெட் இல்லாம மூடிருச்சு, கூடவே டெலிஹெல்த்தும். சிஎம்எஸ் க்ளெய்ம்களை 10 வேலை நாள் நிறுத்தி வெக்க சொல்லுச்சு, அப்புறம் அதையும் நீட்டுச்சு. நோயாளிகிட்ட ஏபிஎன் ஃபார்ம் வாங்குறதை யோசிங்கன்னும் சொன்னாங்க. அந்த ஃபார்மை பாத்திருக்கீங்களா, ஒரே பக்கம், மேல ஒரு கட்டம் என்ன சேவை, ஒரு கட்டம் மெடிகேர் ஏன் பணம் குடுக்காம போகலாம், ஒரு கட்டம் எவ்ளோ ஆகும். கீழ மூணு ஆப்ஷன்: வேணும், மெடிகேருக்கு அனுப்பு, அவங்க குடுக்கலைன்னா நான் கட்டுறேன். வேணும், மெடிகேருக்கு அனுப்ப வேண்டாம், நானே கட்டுறேன். வேண்டாம்.

நடு கட்டத்துல என்ன எழுதுறதுன்னு நானும் மேனேஜரும் அரை மணி நேரம் பேசினோம். காங்கிரஸ் இன்னும் சட்டம் போடலன்னு எழுதுனா அரசியல் மாதிரி இருக்கு, டெலிஹெல்த் கவர் ஆகலைன்னு எழுதுனா நேத்து ஆச்சே இன்னைக்கு ஏன்னு கேப்பாங்க. கேட்டாங்க. முட்டி அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணேன். பொறுமையா கேட்டுட்டு, இது எப்போ சரியாகும்னாங்க. தெரியலம்மான்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் மூணாவதை போட்டுருங்க, பக்கத்து வீட்டு பையன் வண்டியில கூட்டிட்டு வர்றானான்னு பாக்குறேன்னாங்க. அந்தப் பையன் வேலைக்கு போறவன். வாரம் ரெண்டு செஷன் இருந்தது வாரம் ஒண்ணு ஆச்சு, ஒரு வாரம் அதுவும் இல்ல. 11 பேர்ல 4 பேர் முதல் ஆப்ஷன், மிச்சம் 7 பேர் மூணாவது. மெடிகேர் அட்வான்டேஜ்னு தனியார் கம்பெனி வழியா எடுத்திருக்குறவங்க இந்த 11ல இல்ல, அவங்க பிளான் கூடுதல் சலுகையா டெலிஹெல்த் குடுத்தா இந்த தேதி அவங்களை தொடாது. பக்கத்து பக்கத்து வீட்டுல ஒரே வயசு, ஒரே ஆபரேஷன், ஒருத்தருக்கு ஓடுது ஒருத்தருக்கு நின்னு போச்சு, அட்டை வேற அவ்ளோதான்.

நவம்பர் 12ல கையெழுத்து ஆச்சு, 43 நாள் கழிச்சு. டெலிஹெல்த் 2026 ஜனவரி 30 வரைக்கும், அதுவும் அக்டோபர் 1ல இருந்தே செல்லும்னு. நிறுத்தி வெச்ச 4 பேர் க்ளெய்ம் எல்லாம் போச்சு, பணம் வந்துச்சு, கணக்குப் படி பாத்தா எங்க கிளினிக்குக்கு நஷ்டமே இல்ல. மூணாவது ஆப்ஷன் போட்ட 7 பேருக்கு அனுப்ப க்ளெய்மே கிடையாது. பணத்துக்கு முன்தேதி போடலாம், முட்டிக்கு எப்படி போடுறது? அம்மாவுக்கு ஆறாவது வாரத்துல மடக்கி அளந்தப்போ தெரபிஸ்ட் எதிர்பாத்ததை விட கம்மி. வீடியோ நின்னதாலதான்னு ஒத்த கேஸை வெச்சு நான் சொல்ல மாட்டேன், வேற காரணமும் இருக்கலாம். ஆனா சங்கம் இப்படிப்பட்ட 43 நாள் கணக்கை ஒவ்வொரு கிளினிக்ல இருந்தும் கேட்டு வாங்கியிருக்கணும், எத்தனை பேர் மூணாவதை போட்டாங்கன்னு. எங்ககிட்ட யாரும் கேக்கல. க்ளெய்ம் ஆகாத செஷன் எந்த டேட்டாவுலயும் வராது, மெடிகேர் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த 7 பேரும் சும்மா இருந்தாங்க.

இதுக்கு நடுவுல ஒரு வேடிக்கை. 2026க்கான கட்டண விதியில சிஎம்எஸ் டெலிஹெல்த் லிஸ்ட்ல தற்காலிகம், நிரந்தரம்ங்கிற பிரிவையே எடுத்துட்டாங்க. லிஸ்ட்ல இருக்குற கோடு எல்லாம் இனி ஒரே ரகம், 97110 உட்பட. 2020 மார்ச்ல நின்ன அதே இடத்துல மறுபடி வந்து நின்னோம், கோடுக்கு தேதி இல்ல, ஆளுக்கு மட்டும் 2026 ஜனவரி 30. மசோதாவை வருஷக்கணக்கா தூக்கிட்டு அலைஞ்ச ஷெரில் நவம்பர்ல நியூ ஜெர்சி கவர்னர் தேர்தல்ல ஜெயிச்சுட்டாங்க, நல்லதுதான், ஆனா சபையில அந்த மசோதாவுக்கு இனி வேற கை வேணும்.

2025 டிசம்பர்ல பிப்ரவரி ஷெட்யூல் போட ஆரம்பிச்சோம். நேர்ல வர்றவங்களை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். வீடியோ ஆளுங்களை ரிசப்ஷன்ல ஒரு நோட்டுல பென்சில்ல எழுதி வெச்சாங்க, பக்கத்துலயே ரப்பரும் இருந்துச்சு.